உன் பேரில் இருக்கும் மோட்டார்

யேசு மரி சூசை துணை

செமோர்,
9-9-1984

அன்பு மகன் டொமினிக்குக்கு அப்பா ஆம்புரோஸ் எழுதுவது. நானும் உன் அம்மாவும் இங்கே உயிரோடு இருக்கிறோம். நலம் என்று எழுதினால் பொய்யாகிவிடும். பூசை கண்டுவிட்டு வந்து பொய் எழுத மனம் வரவில்லை. சிங்கப்பூரில் நீ சுகமாக இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறோம்.

இதற்கு முன் எழுதிய கடிதங்களுக்கு உன்னிடமிருந்து பதில் இல்லை. ஆனால் ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. அதனால் அந்தக் கப்பல் பட்டறை விலாசத்தில் உன் கைதான் அவற்றை வாங்குகிறது என்று நான் நம்புகிறேன். உன் அம்மா ரோசம்மா நம்புவதில்லை. நீ அனுப்பிய பழைய படத்தை வைத்துக்கொண்டு, பிள்ளை இளைத்திருக்கிறான் என்று இப்போதும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். எங்கள் மேல் என்ன குற்றம் கண்டாய் என்று தெரியவில்லை. குற்றத்தைச் சொல்லிவிட்டுக் கோபித்துக்கொண்டால் எனக்கும் திருப்பித் திட்ட ஒரு வழி இருக்கும்.

ரப்பர் தோட்டம் கைமாறிவிட்டது. பால்மரங்களை வெட்டிச் சாய்த்துவிட்டார்கள், வீட்டு மனை போடப் போகிறார்களாம். லயத்து வீட்டைக் காலி செய்துவிட்டுச் செமோரில் ஒரு சீனர் வீட்டின் பின்னறைக்கு வந்திருக்கிறோம். இந்த வயதில் எனக்கு யார் வேலை கொடுப்பார்கள்? கோயில் உபதேசியார் கையைக் காலைப் பிடித்து, ஈப்போவில் ஒரு தொழிற்சாலையில் வாசல் காக்கும் ஜாகா வேலை பேசி வைத்திருக்கிறார். அடுத்த மாதம் முதல் தேதி சேர வேண்டும். வேலை முடிகிற நேரத்துக்கு பஸ் கிடையாது, அதனால் சொந்த மோட்டார் சைக்கிள் இருந்தால்தான் எடுப்போம் என்கிறார்கள்.

நீ விட்டுப்போன மோட்டாரைத்தான் ஓட்டுகிறேன். அதற்கும் என்னைப் போலவே வயதாகிவிட்டது. மேட்டைக் கண்டால் நின்றுவிடுகிறது. உதைத்து உதைத்து என் முட்டி வீங்கியதுதான் மிச்சம். அதனால் போன வாரம் ஈப்போவில் பஸ் ஸ்டேண்டுக்குப் பக்கத்தில் உள்ள மோட்டார் கடைக்குப் போனேன். பழையதை அங்கேயே கொடுத்துவிட்டு, மீதியை மாதா மாதம் கட்டி வேறு எடுக்கலாம் என்பது என் எண்ணம். கடைக்காரத் தௌக்கே மோட்டாரைச் சுற்றி வந்தான், பார்த்தான், ஓர் ஆட்டுக்குட்டி வாங்கும் விலையைச் சொன்னான். அதற்கும் நான் தலையாட்டிவிட்டேன். பிறகு மோட்டார் கார்டை வாங்கிப் பார்த்து, இதில் பேர் உள்ள ஆள் யார் என்று கேட்டான். என் மகன் என்றேன். அவன் நேரில் வந்து கையெழுத்துப் போட்டால்தான் மோட்டாரைத் தொடுவேன் என்று சொல்லிவிட்டான்.

உன் பேரில் ஏன் எழுதினேன் என்று உனக்குத் தெரியும். பிரஜா உரிமை கிடைக்காமல் நான் சிவப்பு அடையாளக் கார்டு, சிவப்பு ஐசி, வைத்திருப்பவன். சிவப்பு ஐசிக்காரர்களைத் தோட்டம் தோட்டமாக வேலையைவிட்டு அனுப்பியதைக் கண்ணால் பார்த்தவன். நம் பேரில் ஒரு வண்டி இருந்தால் அதையும் ஒருநாள் பிடுங்கிக்கொள்வார்கள் என்று லயத்தில் எல்லாரும் சொன்னோம், எல்லாரும் நம்பினோம். அதனால் பிரஜா உரிமையோடு நீல ஐசி உள்ள பிள்ளைகளின் பேரில் எழுதினோம். இதைச் சொன்னதும் தௌக்கே சிரித்துவிட்டான். சிவப்பு ஐசிக்கும் வண்டி எழுதலாமாம், யாரும் பிடுங்கமாட்டார்களாம். இத்தனை வருடம் இல்லாத பேய்க்குப் பயந்து வாழ்ந்திருக்கிறேன்.

அடுத்த லயத்தில் இருந்த சீனியை நினைவிருக்கும். கடைக்குப் போன கதையைக் கேட்டுவிட்டு, தானே வாங்கிக்கொள்வதாக வந்தான். கடை விலையைவிட ஒன்றரை மடங்கு தருவதாகச் சொன்னான். பேர் மாற்றத்தைப் பற்றிக் கேட்டேன். "பேரு கெடக்கட்டும் லா மாமா. டொமினிக் பேர்லயே ஓடட்டும், யாரு வந்து பாக்கப் போறா" என்றான். நம் ஆட்கள் இப்படித்தானே வாங்கி விற்கிறார்கள். எனக்கும் சபலம் தட்டியது. அந்தப் பணத்தை முன்பணமாகக் கட்டி, என் சிவப்பு ஐசியிலேயே வேறு மோட்டார் எடுத்து வேலையில் சேர்ந்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன்.

அப்போதுதான் நம் தோட்டத்துக் கார்த்திகேசுவை நினைத்தேன். அவன் இப்படித்தான் பேர் மாற்றாமல் சிலிம் ரிவர் ஆள் ஒருவனுக்கு விற்றான். அது இன்னொருவன் கைக்குப் போய், அவன் ஒரு பெண்ணின் சங்கிலியை அறுத்துக்கொண்டு ஓட, போலிஸ் நேராகக் கார்த்திகேசு வீட்டுக்கு வந்தது. லாக்கப்பில் இருந்து வந்தபிறகு அவன் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. சீனி நல்லவன்தான். ஆனால் அவன் நாளைக்கு யாருக்கு விற்பானோ. உனக்கு அப்படி ஒரு கேடு வரக்கூடாது, வேண்டாம் என்று உன் அம்மாவிடம் சொன்னேன்.

அதற்கு அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "குடுத்துருங்க. சீனிக்கு இல்லாட்டி எவனாச்சும் திருட்டுப்பயலுக்காவது குடுங்க. அவன் போய் எதையாச்சும் செய்யட்டும். அப்பவாச்சும் போலிஸ் என் புள்ளயத் தேடிக் கண்டுபிடிக்கும்ல" என்றாள்.

பைத்தியமா உனக்கு என்று கத்தினேன். கத்திவிட்டு வெளியே போய் மோட்டார் பக்கத்தில் உட்கார்ந்தேன். மகனே, உண்மையைச் சொல்கிறேன், அவள் சொன்னதை நானும் கொஞ்ச நேரம் நினைத்துப் பார்த்தேன். கைவிலங்கோடு வந்தாலும் வந்துவிட்டானே என்று சந்தோஷப்படுவோமோ என்று நினைத்தேன். பெற்றவர்கள் நினைக்கிற நினைப்பா இது? இந்த நிலைக்கு எங்களைக் கொண்டுவந்து விட்டாய்.

மறுநாள் சீனியைக் கூப்பிட்டு முடியாது என்று சொல்லிவிட்டேன். அவனுக்கு மனத்தாங்கல், வேறு மோட்டார் வாங்கிவிட்டான். இங்கே மோட்டார் விற்க வழியில்லாமல் நிற்கிறது. நீ வராவிட்டால் முதல் தேதி அந்த வேலை இன்னொருவனுக்குப் போகும். வேலை இல்லாவிட்டால் இந்த அறையும் இல்லை. அதற்குப் பிறகு என்ன என்று எனக்குத் தெரியவில்லை, யோசிக்கவும் தெம்பில்லை.

நீ வீட்டுக்கு வர வேண்டாம். எங்களோடு தங்க வேண்டாம், சாப்பிட வேண்டாம். நேராகக் கடைக்கு வா. காலையில் பஸ்ஸைவிட்டு இறங்கினால் கையெழுத்துப் போட்டுவிட்டு மாலை பஸ்ஸிலேயே திரும்பிவிடலாம். நான் மட்டும்தான் கடைக்கு வருவதாக இருந்தேன். புது மோட்டாரைப் பார்க்க உன் அம்மாவும் வருவாளாம். மோட்டார் என்றால் ஏறெடுத்தும் பார்க்காதவள். உன்னிடம் ஒன்றும் கேட்கக்கூடாது, அழக்கூடாது என்று சொல்லியிருக்கிறேன். சரி என்றிருக்கிறாள். கடை முன்னால் ஐந்தடி நடைபாதையில் தள்ளியே நிற்பாள்.

எந்தத் தேதி என்று மட்டும் எழுது. எழுத விருப்பமில்லாவிட்டால் வெறும் தாளை உறையில் போட்டாவது அனுப்பு. மேலே விலாசம் உன் கையெழுத்தில் இருந்தால் போதும், உன் அம்மாவிடம் காட்டிக்கொள்வேன். எங்கே இருந்தாலும், எங்களை நினைத்தாலும் நினைக்காவிட்டாலும், ஆண்டவர் உன் தலைமேல் கை வைத்துக் காப்பாராக.

உன்னைப் பெற்ற தகப்பன்,
சூ. ஆம்புரோஸ்