காஸ்டிக் வாளியில் வாழைநார்

செப். 30, செவ்வாய்
புழுக்கம். காலை 10: களக்காட்டு வாழைநார், காஸ்டிக் சோடாக் கரைசலில். நான்கு மணி நேரம்தான். பசை போய், தகடாக வார்க்கும்போது நார் பிளாஸ்டிக்கைக் கெட்டியாகப் பிடிக்கும். மீறினால் நாரே இற்றுவிடும். இது மூன்றாம் தொகுதி. முதல் இரண்டும் ஜோர். இதன் தகடும் இழுத்துப் பார்க்கையில் நின்றால், பணம் போடும் கம்பெனிக்காரர் திங்கள் வந்து திட்டத்தை நீட்டிப்பார், எனக்கு இன்னும் ஓராண்டு வேலை. இல்லையென்றால் வீட்டுக்கு.

மதியம் லேபில் ஆயுத பூஜை. உதவியாளர் இசக்கி அண்ணாச்சி எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம் வைத்தார். என் வாளிக்கும்! பொரிப் பொட்டலம் கொடுக்க என்னை மற்ற துறைகளுக்கு அனுப்பினார்கள். திரும்பினால் பூட்டு.

போன் செய்தேன்.
"களக்காட்டு பஸ்ல இருக்கேம்மா. சாவி எங்கிட்டதான். பூசை போட்டதத் தொடப்பிடாதுல்லா? வெள்ளிக்கிழம வாரேன்."
"வாளில நார் கெடக்கு அண்ணாச்சி!"
"அது அங்கன பத்திரமா கெடக்கும்மா."
திட்டத்தை நடத்தும் பேராசிரியர் போனையே எடுக்கவில்லை.

அக். 1, புதன்
விடுமுறை. சுண்டல் இறங்கவில்லை. மதியத்தோடு 26 மணி நேரம். எரிச்சல், அவர்மேல் பாதி, என்மேல் பாதி. எடுக்க வேண்டிய நேரத்தை வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம்.

அக். 3, வெள்ளி
8.30க்குத் திறந்தார். எழுபது மணி நேரம். நார் விரலில் வெந்த சேமியா. கழுவி உலர்த்தப் போட்டேன். வேறு நார் இல்லை. உரிக்கும் மெஷின்காரரும் திங்களுக்குப் பிறகுதான். அண்ணாச்சியிடம் ஒன்றும் சொல்லவில்லை. அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்ல?

பேராசிரியர்: "பழைய தகடு மிச்சம் இருக்குல்லா? அதுல மூணுன்னு எழுதி வையி. யாருக்குத் தெரியப்போவுது?" மார்க்கரையும் அவரே எடுத்துக் கொடுத்தார்.

அக். 4, சனி
இற்ற நாரிலேயே தகடு போட்டேன். மார்க்கர் கைப்பையில். தூக்கம் இல்லை.

அக். 6, திங்கள்
மேகமூட்டம். கம்பெனிக்காரர் பத்துக்கே வந்துவிட்டார். மேஜையில் பழைய தகடு, புதிய தகடு.
"எது மூணாவது தொகுதி?"
பேராசிரியர் என்னையே பார்த்தார். புதியதை நீட்டினேன்.
"நாலு மணி நேரம் ஊற வேண்டியது சார். எழுபது ஆயிட்டு."
இழுத்துப் பார்க்கும் மெஷினில் மாட்டினார்கள். பட்டென்று போனது. வெறும் பிளாஸ்டிக்கைவிட மோசம். திட்டம் இத்தோடு போதும் என்று பேராசிரியரிடம் சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

மாலை: நோட்டுகள், மேலங்கி, டிபன் டப்பா, எல்லாம் பையில். வாசலில் அண்ணாச்சி.
"தகடு நின்னுட்டாம்மா? நேத்து கோயில்ல ஒனக்காவ வேண்டிக்கிட்டேன்."
"நின்னுட்டு அண்ணாச்சி" என்றேன்.