பாட்டுக்குப் போன பிள்ளை

பழவேற்காடு,
மார்கழி மாதம்.

நாகப்பனின் தகப்பனாருக்கு, பவுனம்மாள் வணங்கிச் சொல்லிக்கொள்வது. நானும் பிள்ளையும் சுகம். கடல் கடந்து பத்தாவியாவில் இருக்கும் உங்கள் உடம்பும் சுகமாக இருக்க வேண்டும். நான் சொல்லச் சொல்ல நாகப்பன் எழுதுகிறான். என் பேச்சைப் பள்ளிக்கூடத்துத் தமிழாக மாற்றிக்கொள்ளட்டும், ஆனால் எதையும் விட்டுவிடக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.

இந்த வருஷம் மழைக்குக் குறைவில்லை. முகத்துவாரம் திறந்துவிட்டது. ஏரியில் இறால் ஏறுகிறது. மேற்குப் பக்கக் கூரையை மாற்றினோம். கறுப்பு ஆடு செத்துப்போனது. கப்பல் புறப்படும்போதெல்லாம் உங்களுக்கு எழுதி அனுப்புகிறோம். திரும்பி வரும் கப்பலில் பதில் உண்டா என்று கேட்கப் போவதை நான் நிறுத்திவிட்டேன். நாகப்பன் மட்டும் போய்வருகிறான்.

இப்போது ஒரு காரியத்துக்காக எழுதுகிறேன். ஆடியில் ஊர் கூடியபோது நம் வீட்டுப் பாடு பற்றிப் பேச்சு வந்தது. நீங்கள் போனதிலிருந்து, ஏரியில் நம் முறை வரும் நாட்களில் உங்கள் தம்பி வடிவேலுதான் நமக்காக வலை இழுத்துப் பங்கு கொடுத்துவந்தார். கங்காதரன் எழுந்து, ஆளில்லாத வூட்டுக்கு இன்னாத்துக்குப் பாடு, ஊறுகா போட்டு வைக்கவா என்று கேட்டாராம். எல்லோரும் சிரித்தார்களாம். தலைவர் பொன்னுரங்கம் சிரிக்கவில்லை. தையில் முறை பிரித்துச் சீட்டுப் போடும்வரை உங்கள் பெயர் இருக்கட்டும், அதற்குள் பையன் ஒரு பாடும் தவறாமல் வலையோடு நின்று தொழில் கற்றால் உங்களுக்குப் பதிலாக நிற்கலாம், இல்லாவிட்டால் பெயரை எடுத்துவிடுவது என்று முடிவு சொன்னார். நம் ஊரில் யார் பெயரை எடுப்பார்கள் என்று உங்களுக்குத் தெரியும். இதுவரை செத்தவர்கள் பெயரைத்தான் எடுத்திருக்கிறார்கள்.

கப்பலேறும் முன் நீங்கள்தான் அவனைக் கோட்டைக்கு வெளியே இருக்கும் பள்ளிக்கூடத்தில் விட்டீர்கள். எனக்கு அப்போது அதில் நம்பிக்கை இல்லை. இப்போதும் முழுக்க வந்துவிடவில்லை. ஆனால் அவன் நன்றாகப் படிக்கிறான். கோட்டைக் கிடங்கில் எழுத்து வேலைக்கு அவனைச் சேர்த்துவிடலாம் என்று வாத்தியார் சொல்லியிருந்தார். உத்தரவில்லாமல் வராமல் நின்றால் மட்டும் பள்ளிக்கூடத்திலும் பெயரை அடித்துவிடுவார்கள்.

இந்த வாத்தியார் நீங்கள் போன பிறகு கொழும்பிலிருந்து வந்தவர். தகப்பனார் ஒல்லாந்தர். தமிழை ஏட்டில் படித்தவர். முதல் தடவை நாகப்பன் அவரிடம் போய், நாளைக்குப் பாட்டுக்குப் போவணும் ஐயா, உத்தரவு குடுங்க என்று கேட்டிருக்கிறான். நாம் பாட்டுக்குப் போவது என்றால் வலைக்குப் போவது. அவர் காதில் வேறு பாட்டு விழுந்துவிட்டது. மிகவும் சந்தோஷப்பட்டு, போய் நன்றாகக் கற்று வா, தொண்டையைக் குளிரில் காட்டாதே என்று அனுப்பினார். கழுத்தளவு தண்ணீரில் நிற்கப் போகிறவனுக்குச் சொன்ன புத்தி என்று இவனும் எடுத்துக்கொண்டான். பிறகு ஒவ்வொரு பாட்டுக்கும் கேட்டான், அவரும் கொடுத்தார். ஏரியைப் பற்றி இவ்வளவு அக்கறையான வாத்தியாரா என்று எனக்கே சந்தேகமாகத்தான் இருந்தது. கேட்கப் போனால் கிடைக்கிறதும் கெட்டுவிடும் என்று சும்மா இருந்தேன்.

கிறிஸ்து பிறந்த திருநாளுக்குத் துரைமார்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்தார்கள். வாத்தியார் இவனை நடுவில் நிறுத்தி, இவன் பாட்டுக் கற்றவன், பாடுவான் என்று சொல்லிவிட்டார். இவனுக்கு மீசை அரும்பும் வயது, குரல் உடைந்து கிடக்கிறது. தெரிந்ததைப் பாடியிருக்கிறான். வலை இழுக்கும்போது போடும் ஏலேலோதான். அதில் வரும் வார்த்தைகள் துரைமாருக்குப் புரியாதது நல்லது. அவர்களுக்கு மொழிபெயர்க்க வந்த துபாஷிக்குப் புரிந்து இருமல் வந்ததாம். பிள்ளைகள் சிரித்தார்கள். வாத்தியார் முகம் சிவந்து, என்னிடம் பொய் சொல்லியா ஊர் சுற்றினாய், இனி வராதே என்று அனுப்பிவிட்டார்.

மறுநாள் நானே போனேன். வாசலுக்கு வெளியே நின்று, பாட்டுன்னா பாடுற பாட்டு இல்லீங்க ஐயா, ஏரியில எங்க முறைங்க என்றேன். அவர், துன்பத்துக்கும் பாடு என்றுதானே சொல்கிறீர்கள் என்று கேட்டார். அதுவும் அதே சொல்லுதாங்க என்றேன். வலை பிடிப்பதும் படிப்பா என்றார். அது எனக்குத் தெரியாதுங்க, போவலன்னா பேரை எடுத்துடுவாங்க என்றேன். யார் பெயரை என்றார். நான் எப்படிச் சொல்வேன்? நாகப்பன் என் பின்னாலிருந்து, எங்க நைனா பேருங்க என்று உங்கள் பெயரைச் சொன்னான். வாத்தியார், பாடு நாட்களில் போகட்டும், விட்ட பாடத்தை மறுநாள் இருந்து எழுதட்டும் என்று உத்தரவு கொடுத்தார். ஆனால் கிடங்கு வேலைக்கும் தையில்தான் ஆள் எடுக்கிறார்களாம். அங்கே சேர்ந்தவனுக்கு ஏரிக்குப் போக உத்தரவு கிடையாது, அதற்குள் ஒன்றை முடிவு செய்யுங்கள் என்றார்.

இந்தக் கடிதம் உங்களை வந்து சேரும்போது தை போயிருக்கும். அதனால் யோசனை கேட்டு எழுதவில்லை. செய்யப்போவதைச் சொல்கிறேன். நான் அவனை வலைக்குத்தான் அனுப்பப்போகிறேன்.

இந்த இடத்தில் அவன் கை நின்றுவிட்டது. எழுது என்றேன். எழுதிவிட்டான்.

வலைத் தொழிலில் அவன் மோசமில்லை. கயிறு அறுத்த உள்ளங்கைக்கு மஞ்சள் வைக்கிறேன். ராத்திரி விளக்கில் அவன் எழுத்துப் பழகுவதை வேண்டாம் என்று நான் சொல்வதில்லை. கிடங்கில் அவனுக்கு அடுத்த வருஷமாவது இடம் கிடைக்குமா என்று கேட்டதற்கு, வாத்தியார் வாக்குக் கொடுக்கவில்லை. வீட்டுக்காரர் திரும்பிய வீட்டில் பையன் நிற்க வேண்டியதில்லை என்று பொன்னுரங்கம் சொல்லியிருக்கிறார். நீங்கள் வந்துவிட்டால் இவன் கோட்டைக்குப் போகலாம். நீங்கள் நினைத்த இடத்துக்கு நீங்களே அவனை அனுப்பலாம். நான் தடுத்தேன் என்ற பேச்சு எனக்கு இருந்துவிட்டுப் போகட்டும்.

கடிதத்தை இந்தக் கப்பலில் வேலைக்கு வரும் மூர்த்தி கொண்டுவருகிறான். அவன் அங்கே உங்களைத் தேடாமல் திரும்பமாட்டான். மடித்த கடிதத்தின் மேலே உங்கள் பெயரை நாகப்பன் எழுதியிருக்கிறான். அதை ஒருமுறை வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டேன்.

தையில் தலைவர் அந்தப் பெயரைக் கூப்பிடும்போது இருக்கேன் என்று சொல்லாதே, இருக்கார் என்று சொல் என்று அவனுக்குச் சொல்லியிருக்கிறேன். ஊருக்கு முன்னால் அவன் சொல்லப்போகிற வார்த்தை பொய்யாகிவிடாமல் நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

உங்கள் வீட்டில் இருக்கும்
பவுனம்மாள்.