கடல் இழுத்தது

காணும் பொங்கல், 1972. இரவு.

பிள்ளைகளோடு கடலூர் கடலுக்குப் போயிருந்தோம். மணிமுத்தாற்றில் நீந்திப் பழகிய தைரியத்தில் இவர் அலையில்லாத இடமாகப் பார்த்து இறங்கினார். அங்கேதான் தண்ணீர் உள்ளே இழுக்குமாம், எங்களுக்குத் தெரியாது. கரையைப் பார்த்து நீந்த நீந்தக் கடலுக்குள்ளேயே போனார். என் பேரைச் சொல்லி அலறினார்.

வலை காயவைத்துக்கொண்டிருந்த மீனவர் ஒருவர் ஓடிவந்தார். "நேரா வராதீங்க! மல்லுக்கட்டாதீங்க! பக்கவாட்டுல நீந்துங்க!" என்று கத்திக் கையைக் காட்டினார். அப்படியே நீந்தியவர் வெகுதூரம் தள்ளிக் கரையேறி மணலில் விழுந்தார்.

வூட்டுக்கு வந்து பிள்ளைகள் தூங்கிய பிறகுதான் இவர் கேட்டார்.

"நான் கத்துனது புள்ளைங்களுக்குக் கேட்டுச்சா?"

"அலைச் சத்தத்துல எங்கங்க கேக்கும்?" என்றேன்.

பெரியவள் காதைப் பொத்திக்கொண்டு அழுததைச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.