சூடு தாங்காத ஜாடி

அன்பு மகளுக்கு, அம்மா எழுதுவது. நீ வேளைக்குச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்கி, நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே நாங்களும் நலம்தான், அப்பாவின் முழங்கால் வலி மட்டும் மாடிப்படியைக் கண்டால் எட்டிப் பார்க்கிறது. உன் தங்கைக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இனி எழுதப்போவதைப் படித்து நீ பதறக்கூடாது.

போன வாரம் அவள் பள்ளி லேபில் ஒரு விபத்து. அவளும் அவள் சிநேகிதியும், அதுதான் வாய் ஓயாமல் பேசுகிறாள் என்று நாம் ரேடியோ என்று கூப்பிடுவோமே, அந்தப் பெண், சேர்ந்து தண்ணீர் சுட வைத்திருக்கிறார்கள். பீக்கர்கள் எல்லாம் மற்றவர்கள் கையில் இருந்ததால் சின்னவள் அவசரத்தில் அளவு ஜாடியையே பர்னர் மேல் வைத்துவிட்டாள். அது அளப்பதற்கு மட்டும்தான், சூடு தாங்காது என்பது உனக்குத் தெரியும், எனக்கே இப்போதுதான் தெரியும், பார்க்க இரண்டும் கண்ணாடிதானே. பட்டென்று உடைந்து, கொதிக்கிற தண்ணீர் ரேடியோவின் இடது மணிக்கட்டில் கொட்டிவிட்டது. நல்லவேளை, சில்லு யார் கண்ணிலும் படவில்லை. டீச்சர் உடனே கையைக் குழாய்த் தண்ணீரில் வெகுநேரம் காட்டச் சொல்லிவிட்டு டாக்டரிடம் கூட்டிப்போனார். தழும்புகூட நிற்காது என்றாராம் டாக்டர்.

டீச்சர் திட்டவில்லை. எது எதற்கு என்று தான்தான் இன்னும் தெளிவாகச் சொல்லியிருக்க வேண்டும் என்று எனக்குப் போன் செய்து வருத்தப்பட்டார். ஆனால் அன்று இரவு உன் தங்கை சாப்பாட்டுத் தட்டை அளைந்துகொண்டே இருந்துவிட்டு, அறிவியலே வேண்டாம், வேறு பிரிவுக்கு மாறிக்கொள்கிறேன் என்றாள். சமாதானம் சொல்லப் போன அப்பாவின் கண்தான் கலங்கியது.

ஞாயிற்றுக்கிழமை இழுக்காத குறையாக அவளை ரேடியோ வீட்டுக்குக் கூட்டிப்போனேன். அந்தப் பெண்ணின் அம்மா என்ன சொல்வாரோ என்று யோசித்துக்கொண்டே வாசலில் நின்றேன், அவரோ இவள் தோளைத் தொட்டு உள்ளே அனுப்பினார். கட்டுப்போட்ட கையோடு உட்கார்ந்திருந்த ரேடியோ, "எங்கடி போன இத்தனை நாளா? அந்த ஜாடிய எடுத்துக் குடுத்ததே நான்தானே. உனக்கும் தெரியலை, எனக்கும் தெரியலை. நீ பாட்டுக்குப் பிரிவு மாறிட்டா நான் யாரோட உட்கார்றது?" என்றாள். அதற்குப் பிறகுதான் உன் தங்கை வாய்விட்டு அழுதாள்.

நேற்று இருவரும் லேபுக்குப் போனார்கள். ரேடியோ குறித்துக்கொள்ள, கைவேலை எல்லாம் உன் தங்கைதான். பீக்கரை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, விரிசல் இல்லை என்று தெரிந்த பிறகே பர்னர் மேல் வைத்தாளாம். தண்ணீர் கொதித்து முடியும்வரை பக்கத்திலேயே நின்றாளாம்.

நீ அவளுக்குப் போன் செய். லேப் வேலைதான் உன் வேலை என்பதற்காகப் பாடம் எடுக்கத் தொடங்கிவிடாதே. முதல் வருடம் நீ எதையெல்லாம் உடைத்தாய் என்று சொல், சிரிப்பாள். இன்னொன்று, நீ அனுப்பிய போட்டோவில் பாதுகாப்புக் கண்ணாடி உன் நெற்றிக்கு மேலே ஏறி உட்கார்ந்திருக்கிறது. போட்டோவுக்காகத்தான் தூக்கினேன் என்பாய், இருக்கட்டும். கண்ணாடியைக் கண்ணை மறைக்கிற மாதிரி போட்டுக்கொண்டு இன்னொரு போட்டோ எடுத்து அனுப்பு, முகம் சரியாகத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, அதைத்தான் கூடத்தில் மாட்டப்போகிறேன்.

உன் கண்ணும் கையும் பத்திரமாக இருந்து, தொட்டதெல்லாம் நல்லபடியாக முடிய அப்பாவும் நானும் வாழ்த்துகிறோம்.

உன்னையே நினைத்திருக்கும்
அம்மா