ஆமை வண்டி

டேய் டிரைவரே,

எழுத்து கோணல்மாணலாக இருக்கும், பொறுத்துப் படி. "அவனால நிக்க முடியல, உள்வேலைக்கு மாத்துங்க"ன்னு நீ டிப்போவில் சொன்ன நாளிலிருந்து உன் மூஞ்சியில் விழிக்கவில்லை. நான் குடிப்பதாக ஊரே பேசியது. எல்லாம் உன்னால்தான் என்று பொருமினேன்.

குடியில்லை, சிறுமூளை தேய்கிறது என்கிறார் டாக்டர். நடை, பேச்சு, கை எல்லாவற்றையும் நிதானத்தில் வைத்திருப்பது அதுதானாம். ஸ்கேன் படத்தில் பார்த்தேன். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். ஓடும் பஸ்ஸில் கம்பியைத் தொடாமல் சில்லறை எண்ணியது என் சாமர்த்தியம் என்றல்லவா இருந்தேன்!

நேற்று உன் பஸ்ஸில்தான் வந்தேன். கூட்டத்தில் நீ கவனிக்கவில்லை. மார்க்கெட் வளைவில் ஆளையே தூக்கியடித்தது. புதுக் கண்டக்டர் பெண் மட்டும் எதையும் பிடிக்காமல் நின்று டிக்கெட் கிழித்தாள். வாயைப் பிளந்து பார்த்தேன்.

"எப்பவும் இப்படித்தானாம்மா?"

"டிரைவர் அண்ணன் வருஷக்கணக்கா இப்படித்தான் ஒடிப்பாராம். நீங்க கம்பிய விடாதீங்க பெரியவரே."

நாம் சேர்ந்து ஓட்டிய கடைசி வருஷம் மட்டும் அந்த வளைவில் பஸ் ஒருநாளும் குலுங்கவில்லையே! "ஆமை வண்டி" என்று ஜனங்கள் திட்டினார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். நீ கண்ணாடியில் என்னைப் பார்த்துப் பார்த்துத்தான் பிரேக் மிதித்திருக்கிறாய். விழப்போகிறேன் என்று எனக்கே தெரியாத காலத்தில், ஒரு வருஷம் முழுக்க என்னை உன் காலால் தாங்கியிருக்கிறாய்.

திங்கட்கிழமை முதல் டிரிப்புக்கு வருகிறேன். டிக்கெட் நானே எடுத்துக்கொள்கிறேன். வளைவில் மட்டும் பிரேக்கில் அந்தப் பழைய காலை வை.

இப்படிக்கு,
ஆமை வண்டியின் பழைய கண்டக்டர்