நான்காம் பக்கத்தில் ஒரு கட்டம்

அன்பு மகள் மணிமேகலைக்கு அப்பா எழுதும் கடிதம். இங்கே நான், அம்மா, தம்பி மூவரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், அயர்லாந்துக் குளிரில் நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்று சாமியிடம் தினமும் சொல்லிவிட்டுத்தான் கம்பெனி பஸ் ஏறுகிறேன். கடலை பிடுங்கிக் காயப்போட்ட அன்றே மழை பிடித்துக்கொண்டது, உன் அம்மா திட்டிய திட்டில் அது இரண்டு நாள் இந்தப் பக்கமே வரவில்லை. தம்பி வசந்தகுமாருக்குக் காலேஜில் கடைசி வருடம், படிக்கிறானா போனைப் பார்க்கிறானா என்பது அவனுக்கே தெரியாது. நீ நைட் டூட்டியில் சோற்றுக்குப் பதில் டீயைக் குடித்து வயிற்றைக் கெடுத்துக்கொள்ளாதே. ஞாயிறு தவறாமல் போனில் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று கேட்பாய். பேசுவது நீயும் அம்மாவும்தான், நான் ஒரு ‘ம்’ போட்டுவிட்டு மாட்டைப் பார்க்கப் போய்விடுகிறேன். போனில் எனக்கு வார்த்தை வராது, அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

எங்கள் கம்பெனியில் பெரிய மாற்றம் நடக்கிறது. இருபத்தோரு வருடமாக ஒரு கம்பெனியில் வேலை பார்ப்பதாக நினைத்திருந்தேன், போன மாதம்தான் அது நாலு கம்பெனி என்று தெரிந்தது. சென்னையிலிருந்து பெரிய அதிகாரி வந்து எல்லாரையும் கேண்டீனில் உட்காரவைத்து, திரையில் ஒரு வட்டம் போட்டுக் காட்டினார். வட்டத்தை நாலு துண்டாக வெட்டியிருந்தார். விவசாயப் பம்பு ஒரு பிரிவு, ரயில் பிரேக் சாமான் ஒரு பிரிவு, காற்றாலைக்குப் பெரிய போல்ட் செய்வது ஒரு பிரிவு, ராணுவத்துக்குச் செய்வது ஒரு பிரிவு. மழை ஏமாற்றினால் பம்பு விற்கும், கொட்டித் தீர்த்தால் படுத்துவிடும், ரயில் ஆர்டர் கூடாமல் குறையாமல் வரும், காற்றாலை சீசனுக்குச் சீசன், ராணுவ ஆர்டர் வருவதற்கு வருடக்கணக்கில் ஆகும், வந்துவிட்டால் ஐந்து வருடத்துக்குக் கவலையில்லை, ஒன்று படுத்தால் இன்னொன்று தாங்கும், அதற்குத்தான் இத்தனை வைத்திருக்கிறோம் என்று விளக்கினார். நன்றாகத்தான் சொன்னார். ஆனால் பாதி வட்டத்தை ராணுவம் அடைத்துக்கொண்டிருந்தது, எங்கள் பம்பு சந்தையில் வெட்டித் தரும் பூசணிக் கீற்று அளவுக்குத்தான் இருந்தது. அந்தக் கீற்றையும் ஜனவரியிலிருந்து கோயம்புத்தூருக்கு எடுத்துப் போகிறார்கள். நாங்களும் கூடப் போகலாம், இல்லாவிட்டால் இங்கேயே ராணுவப் பிரிவுக்கு மாறலாம். ஐம்பத்து நாலு வயதில் ரூம் எடுத்துத் தனியாகப் பொங்கித் தின்ன என்னால் ஆகாது, கொல்லையையும் மாட்டையும் விட்டுவிட்டு அம்மா வரமாட்டாள். அதனால் மாறுகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

ராணுவப் பிரிவில் பீரங்கிக் குண்டின் வெளிக்கூடு செய்கிறார்கள். வெடிமருந்தை வேறெங்கோ அடைக்கிறார்களாம், எங்கள் கைக்கு வருவது வெறும் இரும்புக்கூடு. எனக்கு அங்கேயும் இன்ஸ்பெக்ஷன் வேலைதான், அளந்து பார்த்துச் சரியென்றால் ஓகே சீல், தப்பென்றால் ஒதுக்கு. பம்பு என்றால் எங்கோ ஒரு வயலில் தண்ணீர் கொட்டும் என்று நினைத்துக்கொள்ளலாம், இதில் அளவை மட்டும் பார்க்க வேண்டும், மற்றதை நினைக்கக் கூடாது. தனி கேட், போனுக்கு அனுமதி இல்லை, போலீஸ் விசாரணை முடிந்தால்தான் பாஸ். அதற்கு எட்டுப் பக்கப் படிவம் கொடுத்தார்கள். நான்காம் பக்கத்தில் வெளிநாட்டில் இருக்கும் நெருங்கிய உறவினர் விவரம் கேட்டிருந்தது. உன் பெயர், ஊர், ஆஸ்பத்திரி, நர்ஸ் வேலை எல்லாம் எழுதினேன். அடுத்து, திருமணம் ஆனவரா, ஆனவர் என்றால் துணைவரின் பெயர், எந்த நாட்டுக்காரர், உங்களுக்கு என்ன உறவு என்று இருந்தது. திருமணம் ஆகவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். பேனா ஒரு நொடிகூட நிற்கவில்லை ஆத்தா. நாலு வருடமாக ஊரில் கேட்பவர்களிடமெல்லாம் அதைத்தானே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

சாயங்காலம் வந்து அம்மாவிடம் சொன்னேன். தோசைக்கல்லை அடுப்பிலிருந்து இறக்கி வைத்துவிட்டு, ஊருக்குச் சொன்ன பொய்யி பத்தாதுன்னு இப்ப சர்க்காருக்கும் எழுதிக் குடுத்துட்டு வந்துட்டீகளாக்கும் என்றாள். அன்றைக்கு அப்புறம் தோசை சுடவில்லை. இருபத்தோரு வருடத்தில் அளவு தப்பின ஒரு சாமானுக்கும் நான் ஓகே சீல் குத்தியதில்லை, பெற்ற மகள் விஷயத்தில் குத்திவிட்டேனே என்று வெட்கமாகிவிட்டது. மறுநாள் டீ நேரத்தில் ஆபீசுக்குப் போய், படிவம் வாங்கும் சத்யபிரியா என்ற பெண்ணிடம் அதைத் திருப்பிக் கேட்டேன். எல்லாத்தையும் கட்டி வச்சாச்சேண்ணே, என்ன தப்பா எழுதுனீங்க என்று கேட்டது. எம்மகளுக்குக் கல்யாணமாகி நாலு வருசமாச்சும்மா, மாப்பிள்ளை பிலிப்பைன்ஸ்காரரு என்றேன். வெளியாளிடம் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை, சொன்ன பிறகு நெஞ்சு லேசாக இருந்தது. வெளிநாட்டுக்காரர்னு எழுதுனா விசாரணை ரெண்டு மூணு மாசம் இழுக்கும்ணே, பாஸ் கெடைக்காமலும் போகலாம், யோசிச்சுக்கங்க என்று அந்தப் பெண் உள்ளதைச் சொன்னது. யோசித்தாகிவிட்டது என்று சொல்லிப் புதுப் படிவம் வாங்கிவந்தேன். பாஸ் கிடைக்காவிட்டால் கோயம்புத்தூர்தான், உன் அம்மாவுக்கும் தெரியும், போனால் போங்க என்று சொல்லிவிட்டாள்.

அவர் எந்த நாட்டுக்காரர் என்பதில் எனக்குக் கோபம் இல்லை. எல்லாம் முடித்துவிட்டுச் சொன்னாய், அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அந்தக் கோபம் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அதற்காக உன்னைக் கல்யாணம் ஆகாதவள் என்று எழுத எனக்கு என்ன உரிமை. போன ஞாயிறு நீ பேசும்போது அம்மா போனைச் சத்தமாக வைத்திருந்தாள். மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தேன், மாமா சாப்ட்டாங்களா என்று ஒரு ஆண்குரல் கேட்டது. ஒவ்வொரு எழுத்தாக மென்று துப்பியது போல இருந்தது அந்தத் தமிழ், ஆனாலும் என்னைத்தான் கேட்டார். உள்ளே வந்து சாப்பிட்டேன் என்று சொல்லியிருக்கலாம், வாளியைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டேன். அது தப்பு.

புதுப் படிவம் இப்போது என் முன்னால் இருக்கிறது, அடுத்த மாதம் இருபதாம் தேதிக்குள் கொடுக்க வேண்டும். என்ன உறவு என்ற இடத்தில் மருமகன் என்று எழுதிவிட்டேன். பெயர் எழுதும் இடம் மட்டும் காலியாக இருக்கிறது. அம்மாவைக் கேட்டால் உடனே சொல்லிவிடுவாள், நான் கேட்கவில்லை.

நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல், சண்டை வந்தாலும் சாப்பாட்டு நேரத்துக்குள் சமாதானம் ஆகி, நூறு வயது இருக்க வேண்டும் என்பது எங்கள் ஆசீர்வாதம். இந்தக் கடிதம் கிடைத்ததும் வருகிற ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் என் நம்பருக்குப் போன் செய், அன்றைக்கு மாட்டைத் தம்பி பார்த்துக்கொள்வான். பெயரை நீ சொல்ல வேண்டாம். போனை அவர் கையில் கொடு, அவர் சொல்லட்டும், நான் கேட்டு எழுதிக்கொள்கிறேன்.

உன் அப்பா
ஆண்டியப்பன்