பென்சில் கோட்டில் ஓடிய சைக்கிள்

உ
மெரிலேண்ட்ஸ், சிட்னி
13-6-1976

யோகாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது.

இங்கு யாவரும் சுகம், உன் சுகத்தை அறியத் தரவும் என்று தொடங்குவதுதான் முறை. இங்கு சுகமில்லை. உன் சுகம் எனக்கு ஏற்கனவே தெரியும், பிளாக்டவுனில் இருக்கிற கல்யாணிக்கு நீ போட்ட படஅட்டையை அவளே கொண்டுவந்து காட்டினாள். பிரான்சு தேசத்து வெயில் நல்லதாம், சைக்கிள் மிதித்துக் காலெல்லாம் கறுத்துவிட்டதாம், சந்தோஷம். பெரியப்பாவின் மகளுக்கு எழுத நேரம் இருக்கிறது, பெற்ற தகப்பனுக்கு ஏழு கிழமையாக ஒரு வரி இல்லை. இந்த உறையின் மேல் நீ பார்த்த கையெழுத்தும் கல்யாணியுடையதுதான், நான்தான் எழுதுவித்தேன். என் கையெழுத்தென்றால் நீ உடைக்க மாட்டாய் என்பதை அந்த அட்டையில் நீயே எழுதியிருக்கிறாயே. "அப்பா என்னோடை கோபம் போலை, ஒரு பதிலும் இல்லை. அம்மான்ரை கடிதம் ஒண்டு நெவேர் தபால் கந்தோரிலை கிடந்தது, பேச்சாய்த்தான் இருக்கும் எண்டு உடைக்காமல் பைக்குள்ளை போட்டிட்டன்." இதை வாசிக்கும்போது கல்யாணிக்கு முகம் சிவந்துவிட்டது. எனக்குச் சிவக்கவில்லை, பழகிப்போன காரியம்.

இப்போது கேள். அந்தக் கடிதத்தில் உனக்கு ஏச்சும் பேச்சும் இல்லை. ஏப்ரல் கடைசியில் அப்பாவின் வலது கண்ணில் கறுப்புத் திரை இறங்கினதுபோல் ஆகி, மூன்றாம் நாள் இடதிலும் தொடங்கி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டோடினோம். உள்ளே இருக்கிற விழித்திரை கழன்றுவிட்டது என்றார்கள். ஒரு ஒப்பரேஷன் சரிவரவில்லை, இரண்டாம் முறையும் செய்தார்கள். இப்போது வீட்டில்தான் கிடக்கிறார், இரண்டு கண்ணும் கட்டியபடி, தலைக்கு இரு பக்கமும் மணல்மூட்டை. அசையக் கூடாது, குனியக் கூடாது, தும்மல் வந்தாலும் அடக்க வேண்டும், மனம் பதறவே கூடாது என்பது டாக்டரின் கட்டளை. சடாரென்று தலையைத் தூக்கினால் ஒட்டியது திரும்பக் கழன்றுவிடும், பிறகு தன்னாலும் ஒன்றும் செய்ய இயலாது என்று என்னை வெளியே கூப்பிட்டுச் சொன்னார். அப்பா உனக்குக் கோபத்தில் எழுதாமல் இருக்கவில்லை, எழுதக் கண் இல்லை. எனக்கும் எழுதாதே என்றுதான் சொன்னார். "பிள்ளைக்குச் சொல்லிப்போடாதை, பயணத்தைப் பாதியிலை விட்டிட்டு ஓடி வந்திடுவாள்." ஓடி வருவாளாம். அவருடைய சொல்லை மீறி நான் எழுதிய கடிதத்தைத்தான் நீ பைக்குள் வைத்துக்கொண்டு திராட்சைத் தோட்டம் பார்த்துத் திரிகிறாய்.

உன் முதல் இரண்டு கடிதமும் அவருக்கு மனப்பாடம். டிஜோனிலிருந்து எழுதியது, போன் என்ற ஊரிலிருந்து எழுதியது. பெரிய சிவப்பு வீதிகளில் ஏறாமல், படத்தில் வெள்ளையாகக் காட்டியிருக்கிற சின்ன வீதிகளிலேயே கடல் வரைக்கும் போகப் போவதாகச் சொல்லி, பென்சிலால் கோடு போட்ட ஒரு படமும் அவருக்கு அனுப்பியிருந்தாய் அல்லவா. மூன்றாவது வரவில்லை. காலையில் தபால்காரனின் விசில் கேட்டால் போதும், "பார், பார், யோகான்ரையாய் இருக்கும்" என்பார். ஒரு நாள் விசில் எங்கள் வாசலிலேயே கேட்டது, மனுஷன் தலையைத் தூக்கிவிட்டார். நான் ஓடிப்போய் நெற்றியில் கை வைத்து அமத்திவிட்டு வெளியே போனேன், வந்தது மின்சாரக் கந்தோரின் கடிதம். என்ன செய்வது? மேசை லாச்சிக்குள் கிடந்த வெறும் நீல ஏரோகிராம் தாள் ஒன்றை எடுத்து, கிழிக்கிற சத்தம் கேட்கக் கிழித்து, கதிரையை இழுத்துப்போட்டு இருந்து, உன் கடிதம் என்று வாசித்தேன். பதினான்கு வருடம் யாழ்ப்பாணத்தில் புவியியல் படிப்பித்தவள், பிரான்சு தேசத்து ஆறுகளைப் பிள்ளைகளுக்குப் பிரம்போடு சொல்லிக் கொடுத்தவள், இன்று பிஸ்கற் பெட்டி அடைக்கிறேன் என்பதற்காக மறந்துபோகவில்லை. உன் பென்சில் கோட்டை மடியில் விரித்து வைத்துக்கொண்டு உன்னை மோர்வான் காட்டுக்குள் ஏற்றினேன். ஓக் மரங்கள் இரு பக்கமும், ஒரு கார் இல்லை, சங்கிலிச் சத்தம் மட்டும் கேட்கிறது என்று சொன்னேன். அப்பா அப்படியே அடங்கிப்போய்க் கேட்டார். அந்தச் சங்கிலிச் சத்தம் படிப்பில் வந்ததல்ல. பின்னேரங்களில் நீ சைக்கிளோடு போனால் குசினி யன்னலடியில் காதைக் கொடுத்துக்கொண்டு நின்றது நான்தான், நீ என்ன கண்டாய்.

ஒன்று தொடங்கினால் நிற்குமா, கிழமைக்கு ஒரு கடிதம் ஆகிவிட்டது. நெவேரில் ஆற்றைக் கடக்க வைத்தேன், சான்செர் மலையில் மூச்சு வாங்க வைத்தேன். ஒரு முறை பிடிபடப் பார்த்தேன். வெயிலுக்கு முந்திரிகைப் பந்தலின் கீழே நிழலில் ஓடினாய் என்று வாசித்துவிட்டேன், எனக்குத் தெரிந்த திராட்சை எங்கள் ஊர்க் கிணற்றடி முந்திரிகைப் பந்தல்தானே. உடனே அப்பா, "அங்கை கொடி இடுப்பளவு, நிரை நிரையாய் நிக்குது எண்டெல்லோ முதல் கடிதத்திலை எழுதினவள்?" என்று கழுத்தை அசைத்தார். நெற்றியை அமத்திப் பிடித்தேன். ஓம் ஓம், இது ஒரு வீட்டு முற்றத்துப் பந்தல், தண்ணீர் கேட்கப் போனவள் என்று சமாளித்தேன். எனக்கு இந்த வேலை பிடித்திருக்கிறது என்று நினைத்துவிடாதே. ஊர் சுற்றுகிற உனக்காக நான் ஊர் ஊராகச் சைக்கிள் மிதிப்பதை நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது. லண்டனில் நல்ல நேர்ஸ் வேலை, அதை விட்டுவிட்டு இரண்டு சில்லும் ஒரு கூடாரமும். இருபத்து நாலு வயதுப் பெட்டைக்கு இது ஒரு புத்தி.

சைக்கிள் என்று தொடங்கினால் நீ அதைத்தான் நினைப்பாய் என்று தெரியும், நானே சொல்லிவிடுகிறேன். அப்பா வாங்கித் தந்த சைக்கிளைப் பக்கத்துத் தேவாலயத்துப் பழம்பொருள் விற்பனைக்குத் தூக்கிக் கொடுத்தது நான்தான், இன்றைக்கும் அதற்கு மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. வயது வந்த பெட்டை அரைக் காற்சட்டையோடு ஓடித் திரிந்தால் நாலு பேர் என்ன சொல்லுவார்கள் என்று அன்று உன்னிடம் சொன்னேன். அது பொய். இங்கே இருந்த நாலு தமிழ்க் குடும்பமும் என்ன சொன்னாலும் எனக்கென்ன. அதற்கு முதல் நாள் காரில் போனவன்கள் உன் தோலைச் சொல்லிக் கத்திப் போத்தலால் எறிந்து, முழங்கையில் இரத்தம் வடிய வந்து சிரித்துக்கொண்டு நின்றாயே, அன்று இரவு முழுக்க எழும்பி எழும்பி உன் அறைக் கதவைத் திறந்து பார்த்தேன். பயந்துதான் கொடுத்தேன். பயம் என்று சொல்ல வாய் வரவில்லை, நாலு பேர் என்றுதான் வந்தது. அன்றிலிருந்து நீ எழுதுகிற கடிதமெல்லாம் "அன்புள்ள அப்பாவுக்கு" என்று தொடங்கி "அப்பாவின் யோகா" என்று முடிகிறது, நடுவில் ஓரிடத்திலும் நான் இல்லை. பெற்ற மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்பார்கள். என் மனமும் கல்லுத்தான், நீ அதில் உடைத்தெடுத்த துண்டு.

இனி விஷயத்துக்கு வருகிறேன். போன கிழமை உன்னை நாந்த் நகரம் தாண்டிக் கடற்கரைக்குக் கொண்டுவந்து விட்டேன். உன் கோடு அங்கே முடிகிறது, அதற்கு அங்கால் வெறும் நீலம்தான், எனக்கு இனி ஓட வீதி இல்லை. ஜூலை ஐந்தாம் தேதி கட்டு அவிழ்க்கிறார்கள். இடது கண் தேறும் என்கிறார்கள், வலதைப் பற்றி ஒன்றும் சொல்கிறார்கள் இல்லை. கண் திறந்ததும் முதலில் உன் கடிதங்களைத்தான் தானே வாசிக்கப் போவதாக மனுஷன் ஒற்றைக்காலில் நிற்கிறார். அவை அவருடைய தலையணைக்குக் கீழே இருக்கின்றன, தடவித் தடவி எண்ணிப் பார்ப்பார், ஐந்து. ஐந்தும் ஒரு எழுத்துக்கூட இல்லாத நீலத்தாள். அந்தக் கண்ணால் அவர் முதலில் பார்ப்பது அதுவாக இருக்கக் கூடாது. ஆகையால் நான் வாசித்தது எல்லாவற்றையும் நினைவுபடுத்தி இத்துடன் தனித்தாள்களில் எழுதி வைத்திருக்கிறேன், ஒவ்வொன்றின் மேலும் தேதி இருக்கிறது. உன் கையால் அப்படியே பார்த்து எழுதி, ஐந்தையும் ஒரே உறையில் போட்டு, கல்யாணியின் முகவரிக்குக் கடிதம் கண்ட அன்றே அனுப்பு. ஊர்ப் பெயர்களில் பிழை இருந்தால் திருத்து. பந்தலை மட்டும் வெட்டிவிடாதே, அவர் அதைப் பற்றிக் கட்டாயம் கேட்பார்.

இன்னுமொன்று. ஐந்து கடிதத்திலும் கடைசியில் நான் ஒரு வரி சேர்த்து வாசித்தேன், "அம்மா எப்படி இருக்கிறா, அவவைக் கேட்டதாகச் சொல்லுங்கோ" என்று. ஏன் சேர்த்தேன் என்று கேட்காதே. முதல் முறை வாசித்தபோது அப்பா என் கையைத் தேடிப் பிடித்து, "பாத்தியே, பிள்ளைக்கு உன்னிலை கோபம் போயிட்டுது" என்றார். பிறகு ஒவ்வொரு முறையும் அந்த வரி வரும் வரைக்கும் காத்துக் கிடப்பார். இதில் வைத்திருக்கிற தாள்களில் அந்த வரியை நான் எழுதவில்லை. அதை உனக்குப் பார்த்தெழுதத் தர மாட்டேன். உனக்குத் தானாக வந்தால் எழுது. வராவிட்டால் விடு, எங்கே அந்த வரி என்று அவர் கேட்கும்போது ஏதாவது சொல்லிச் சமாளிக்க எனக்குத் தெரியும்.

கல்லுக்குள்ளும் தேரைக்கு வழி வைக்கிற பிள்ளையார் உன்னை விழாமல், அடிபடாமல், நோய்நொடி இல்லாமல் காக்கட்டும். இருட்ட முதல் கூடாரத்தை அடித்துவிடு, இறக்கத்தில் இரண்டு பிரேக்கையும் பிடி. பைக்குள் கிடக்கிற அந்தப் பழைய கடிதத்தை இனி உடைக்கத் தேவையில்லை, அதில் இருந்ததெல்லாம் சொல்லிவிட்டேன். ஜூலை ஐந்து, மறவாதே.

இப்படிக்கு,
உன்னைப் பெற்றவள்
விமலாதேவி